இணையவழித் தேர்வும் கணிதம் கற்கும் ஆர்வமும்
(மாணாக்கர் அபிப்பிராயத்தை அறிந்து பயன்படுத்தும் முறை)

எர்ணாகுளம் மாவட்டத்தின் தலைமை அலுவலகங்கள் அமைந்துள்ள காக்கநாட்டில் இரண்டு நிலையங்கள் கல்வித் துறையினரின் கவனத்துக்கு உரியவை. ஒன்று, கேரளப் பள்ளிகளுக்குப் பாடநூல்களை அச்சிட்டு வழங்கிவரும் அரசாங்க அச்சகக் கழகம். மற்றொன்று, 2004-ஆம் ஆண்டில் தோன்றிய இன்போபார்க் என்னும் கணிப்பொறித் தொழிற் பூங்கா. முன்னதில் கணிதப் பாடம் காகிதத்தில் அச்சேறுகிறது. பின்னதில் கணிப்பொறிக்கான ஆணைத் தொடர்கள் எழுதப்படுகின்றன. இன்றைய மாணாக்கரின் கணிதக் கல்வி இவ்விரு சாதனங்களையும் சார்ந்து நிற்கிறது. பாடத்தைப் புத்தகத்தில் படிக்கும் சிறுவன், அப்பாடத்தில் தன் தேர்ச்சியைச் சோதிக்கும் வினாக்களைத் திரையிலும் காண்கிறான்.

இம்மாறுதல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருவிகளின் விலையையும் இணையத் தொடர்பின் வேகத்தையும் மட்டுமே கருதுகின்றனர். இவை வேண்டியனவே. ஆயினும் ஆசிரியர் முதலில் எழுப்பவேண்டிய வினா வேறு. திரையில் தேர்வு எழுதி முடித்த மாணாக்கனுக்கு மேலும் ஒரு கணக்குச் செய்யவேண்டும் என்னும் விருப்பம் உண்டாகிறதா, அன்றிக் கணிதமே தனக்கு வாராது என்னும் எண்ணம் வலுப்பெறுகிறதா என்பதே அது. இதனை அறிய மாணாக்கரையே கேட்டறிதல் வேண்டும். எவ்வாறு கேட்பது, கேட்டவற்றுள் எதனை அவ்வாறே ஏற்பது, எதனைச் சோதித்துப் பார்த்து ஏற்பது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிதமும் அச்சமும்

கணிதத்தின்பால் மாணாக்கர் கொள்ளும் அச்சம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் பல நாடுகளில் 15 வயது மாணாக்கரிடையே நடத்திய பீசா என்னும் மதிப்பாய்வில் கணிதமே முதன்மைப் பாடமாகக் கொள்ளப்பட்டது. அந்நிறுவனத்தின் உறுப்பு நாடுகளில் நூற்றுக்கு 59 மாணாக்கர், கணித வகுப்பு தமக்குக் கடினமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலையுறுவதாகத் தெரிவித்தனர். குறைந்த மதிப்பெண் வந்துவிடுமோ என்று கவலையுற்றோர் நூற்றுக்கு 61 பேர். வீட்டுக்கணக்குச் செய்யும்போதே மன இறுக்கம் கொள்வோர் நூற்றுக்கு 33 பேர். அவ்வாண்டு மதிப்பாய்வில் இந்தியா பங்குகொள்ளவில்லை. எனினும் நம் நாட்டு ஆசிரியர் எவரும் இவ்வெண்களைக் கண்டு வியப்படையமாட்டார்.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் நடைபெற்ற தேசிய அடைவுத் தேர்வு வேறொரு கோணத்தில் இதனையே காட்டிற்று. கணிதத்தில் மூன்றாம் வகுப்பினர் சராசரியாக நூற்றுக்கு 57 வினாக்களுக்குச் சரியான விடை அளித்தனர். ஐந்தாம் வகுப்பில் இது 44 ஆகவும், எட்டாம் வகுப்பில் 36 ஆகவும், பத்தாம் வகுப்பில் 32 ஆகவும் இருந்தது. ஒவ்வொரு வகுப்பின் வினாத்தாளும் வெவ்வேறானது. ஆதலால் இவ்வெண்களை ஒரே அளவுகோலின் படிகளாகக் கொள்ளலாகாது. எனினும் மேல் வகுப்புக்குச் செல்லச் செல்லப் பாடத்துக்கும் மாணாக்கனுக்கும் இடையிலுள்ள தூரம் பெருகுகிறது என்பது தெளிவு. அத்தூரத்தின் நடுவே எங்கோ ஓரிடத்தில் குழந்தை முயற்சியைக் கைவிடுகிறது. அவ்விடத்தைக் காலத்தில் கண்டறிவதற்கு உதவுமாயின் இணையவழித் தேர்வு நன்மை பயக்கும். குழந்தையின் கைவிடுதலை விரைவுபடுத்துமாயின் தீமை பயக்கும்.

ஊக்கம் என்பது யாது?

கற்கும் ஊக்கத்தை உளவியலார் இருவகையாகப் பிரிப்பர். பரிசு, மதிப்பெண், தண்டனை, பிறர் புகழ்ச்சி ஆகியவை பற்றி எழுவது புறவூக்கம். செயலிலேயே உள்ள இன்பத்தால் எழுவது அகவூக்கம். எட்வர்டு டெசி என்னும் அமெரிக்க உளவியலார் 1971-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இப்பிரிவினை நன்கு விளக்குகிறது. கல்லூரி மாணாக்கருக்குக் கட்டைகளை இணைத்து உருவம் அமைக்கும் புதிர்கள் தரப்பட்டன. ஒரு பிரிவினர்க்குப் புதிரை விடுவித்ததற்குப் பணம் வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்கு ஏதும் வழங்கப்படவில்லை. பின்னர்ப் பணம் நிறுத்தப்பட்டு, ஓய்வு நேரத்தில் விரும்பியதைச் செய்யலாம் என்று விடப்பட்டபோது, முன்பு பணம் பெற்றவர்களின் புதிர் நாட்டம் குறைந்து காணப்பட்டது. எவரும் வற்புறுத்தாத வேளையில் ஒருவன் எதனைச் செய்கிறான் என்பதே அவன் ஊக்கத்தின் நல்ல அளவுகோல் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

டெசியும் ரிச்சர்டு ரையனும் பிற்காலத்தில் வகுத்த கொள்கையின்படி அகவூக்கத்துக்கு மூன்று வேர்கள் உண்டு. தன் செயலைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை ஒன்று. தன்னால் இயலும் என்னும் உணர்வு மற்றொன்று. தன்னைப் பொருட்படுத்தும் மனிதர் உடனிருக்கிறார் என்னும் உறவுணர்வு மூன்றாவது. இணையவழித் தேர்வு இம்மூன்று வேர்களுக்கும் நீர் வார்க்கவும் கூடும், வெந்நீர் ஊற்றவும் கூடும். மாணாக்கர் தரும் அபிப்பிராயங்களை இம்மூன்றின் கீழ் வகைப்படுத்திப் பார்ப்பது ஆசிரியருக்குப் பெரிதும் உதவும்.

பொறிவழித் தேர்வின் வளர்ச்சி

விடையைப் பொறி திருத்தும் எண்ணம் புதியதன்று. 1920-களில் சிட்னி பிரெசி என்னும் அமெரிக்கப் பேராசிரியர், வினாவைக் காட்டி விடைக்கான விசையை அழுத்தச் செய்யும் சிறு பொறியொன்றை அமைத்தார். 1954-இல் பி. எப். ஸ்கின்னர் கற்பிக்கும் பொறி பற்றிய தம் கருத்துக்களை வெளியிட்டார். 1960-இல் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் பிளேட்டோ என்னும் கணிப்பொறிக் கல்வி அமைப்பு தொடங்கிற்று. அதே பத்தாண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தின் பேட்ரிக் சப்பீஸ் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் கணிப்பொறி வாயிலாக எண்கணிதப் பயிற்சி அளித்தார். இவர்கள் எல்லோரும் நாடியது ஒன்றே: விடை சரியா தவறா என்பதை மாணாக்கன் மறுவாரம்வரை காத்திராமல் அந்த நிமிடமே அறியவேண்டும் என்பது.

கேரளத்தில் பள்ளிகளுக்குக் கணிப்பொறியைக் கொண்டுசெல்லும் திட்டம் 2001-இல் தொடங்கப்பட்டது. 2005-இல் விக்டர்ஸ் என்னும் கல்வி ஒளிபரப்பைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். உயர்நிலை வகுப்புகளின் கணிதப் பாடத்தோடு ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளும் கற்பிக்கப்பட்டு வருகிறது. முக்கோணத்தின் ஓர் உச்சியைத் திரையில் இழுத்தால் மூன்று கோணங்களும் மாற, அவற்றின் கூடுதல் மட்டும் 180 பாகையாகவே நிற்பதை மாணாக்கர் கண்ணாரக் காண இது உதவுகிறது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட, ஜூன் 1-ஆம் நாள் முதல் விக்டர்ஸ் வாயிலாக முதல் மணி என்னும் பெயரில் பாடங்கள் ஒளிபரப்பாயின. மாணாக்கரின் விடைகள் கைத்தொலைபேசி வழியே ஆசிரியரை அடைந்தன. தொற்று நீங்கியபின் வகுப்பறைகள் திறந்தன. ஆயினும் திரைவழித் தேர்வு அகலவில்லை. பொறியியற் கல்லூரிகளுக்கான அகில இந்தியக் கூட்டு நுழைவின் முதன்மைத் தேர்வு 2019 முதல் முற்றும் கணிப்பொறியிலேயே நடைபெறுகிறது. கேரளத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வும் 2024 முதல் அவ்வழியையே பின்பற்றுகிறது. ஆகவே பள்ளியில் இதனைத் தவிர்த்தாலும் பள்ளியை விட்டு வெளியேறும் வாயிலில் மாணாக்கன் இதனைச் சந்தித்தே ஆகவேண்டும்.

மாணாக்கர் விரும்புவன

பல நாடுகளில் மாணாக்கரைக் கேட்டறிந்த ஆராய்ச்சிகளில் சில கருத்துக்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. விடையின் முடிவு உடனே தெரிவதை அவர்கள் முதற்கண் பாராட்டுகின்றனர். அடுத்து, மீண்டும் முயல வாய்ப்பிருப்பதைக் கூறுகின்றனர். வகுப்பில் கரும்பலகையின் முன் நின்று தவறும்போது 40 பேர் காண்பர். திரையின் முன் தவறும்போது காண்பார் இல்லை. கூச்சமுள்ள குழந்தைக்கு இது சிறு நன்மையன்று. தனக்கு ஏற்ற வேளையில், தனக்கு ஏற்ற வேகத்தில் செய்யலாம் என்பதும் விரும்பப்படுகிறது. மேற்கூறிய மூன்று வேர்களுள் முதலிரண்டும், அதாவது உரிமையும் இயலும் என்னும் உணர்வும், இவற்றால் வளர்கின்றன.

இவ்விருப்பம் வெறும் சொல்லளவில் நிற்பதன்று என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஏழாம் வகுப்பு மாணாக்கர் 2,850 பேரைக் கொண்டு 43 பள்ளிகளில் நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. வீட்டுக்கணக்குகளைக் கணிப்பொறியில் செய்து, செய்தவுடன் சரி தவறு அறிந்து, வேண்டுமாயின் குறிப்பும் பெற்ற மாணாக்கர், வழக்கமான முறையில் வீட்டுக்கணக்குச் செய்தவரைவிட ஆண்டு முடிவில் கூடுதலான தேர்ச்சி பெற்றனர். முன்பு கணிதத்தில் பின்தங்கியிருந்தவரே அதிகப் பயன் அடைந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் இங்கு ஒன்றை மறத்தலாகாது. அவ்வமைப்பு மாணாக்கருக்கு மட்டும் முடிவைக் காட்டவில்லை. எந்தக் கணக்கில் எத்தனை பேர் தவறினர் என்பதை ஆசிரியருக்கும் காட்டிற்று. ஆசிரியர் மறுநாள் அக்கணக்கையே வகுப்பில் எடுத்து விளக்க முடிந்தது. பொறி தவறைச் சுட்டியது. அதனை எடுத்து ஆராய்ந்தவர் ஆசிரியர். மூன்றாவது வேராகிய உறவுணர்வு அங்குக் காக்கப்பட்டது.

மாணாக்கர் வெறுப்பன

குறை கூறுவோரின் சொற்களையும் அதே கவனத்துடன் கேட்கவேண்டும். அவற்றுள் முதலாவது, வழிமுறைக்கு மதிப்பில்லை என்பது. காகிதத்தில் ஐந்து படிகளுள் நான்கைச் சரியாகச் செய்து கடைசிப் படியில் கூட்டல் பிழை செய்தவனுக்கு ஆசிரியர் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் அளிப்பார். பொறியோ சூனியம் அளிக்கிறது. ஒன்றுமே அறியாதவனும் அவனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். தன் உழைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்று உணரும் மாணாக்கன் உழைப்பதை நிறுத்துகிறான்.

இரண்டாவது, விடையை இடுவதிலுள்ள தொல்லை. 3/4 என்னும் விடைக்கு ஒருவன் 6/8 என்றும், மற்றொருவன் 0.75 என்றும் இடக்கூடும். இவை மூன்றும் ஒரே எண். சுருங்கிய வடிவத்தில் தருக என்று வினா கூறாதபோது மூன்றையும் ஏற்பதே முறை. ஆயினும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய பொறி ஒன்றை மட்டும் ஏற்று மற்ற இரண்டையும் தள்ளிவிடும். இக்குறையை நீக்கும் பொருட்டே பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்தில் கிறிஸ் சாங்வின் என்பார் ஸ்டாக் என்னும் அமைப்பை உருவாக்கினார். அது விடையின் எழுத்தைப் பாராமல் அதன் கணிதப் பொருளை ஆராய்கிறது. யாவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். அத்தகைய வசதி இல்லாதவிடத்து, விடையின் வடிவத்தை வினாவிலேயே தெளிவாகக் கூறிவிடுவது ஆசிரியரின் கடமை.

மூன்றாவது, திரையின் மூலையில் இறங்கிக்கொண்டே வரும் நேரக் கடிகாரம். நான்காவது, நடுவில் அறுந்துபோகும் இணையத் தொடர்பு. ஐந்தாவது, பிறர் பார்த்து எழுதுகின்றனர் என்னும் மனக்கசப்பு. நேர்மையாக எழுதிய பிள்ளை 6 மதிப்பெண்ணும், அண்ணனைக் கேட்டு எழுதிய பிள்ளை 10 மதிப்பெண்ணும் பெறும்போது, முதற்பிள்ளையின் ஊக்கம் உடைவது இயல்பு. இவற்றோடு, ஒரே வினாவைக் காகிதத்தில் செய்வதும் திரையில் செய்வதும் சமமல்ல என்பதையும் ஆராய்ச்சி காட்டியுள்ளது. டிம்ஸ் என்னும் சர்வதேசக் கணித விஞ்ஞான மதிப்பாய்வு 2019-இல் கணிப்பொறிக்கு மாறுமுன் செய்த ஒப்பீட்டில், அதே கணித வினாக்கள் திரையில் சற்றுக் கடினமாகவே இருந்தன. மாணாக்கர் கூறும் குறை வெறும் சாக்கு அன்று என்பதற்கு இது சான்று.

அபிப்பிராயமும் உண்மைக் கற்றலும்

எனினும் மாணாக்கர் கூறுவது முழுதும் கற்றலின் அளவுகோல் ஆகிவிடாது. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு அமெரிக்க உளவியலார் 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உரைநடைப் பகுதியொன்றை ஒரு பிரிவினர் நான்கு முறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை மட்டும் படித்து, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். நான்கு முறை படித்தவர்களே தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பினர். ஒரு வாரம் சென்றபின் சோதித்தபோது அவர்கள் நூற்றுக்கு 40 பங்கையே நினைவில் வைத்திருந்தனர். எழுதிப் பார்த்தவர்களோ 61 பங்கை நினைவில் வைத்திருந்தனர். இது கணிதப் பாடத்தில் செய்த சோதனை அன்று. ஆயினும் எளிதாகத் தோன்றுவதே நன்மை எனக் கற்போர் மயங்குவர் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. தேர்வு கடினமாக இருந்தது என்று மாணாக்கர் கூறுவதால் மட்டும் அத்தேர்வு பயனற்றது ஆகிவிடாது.

அவ்வாறாயின் எக்குறைகளை ஏற்பது? கணக்கைப் பற்றிய கடினம் வேறு; கணக்குக்கு வெளியேயுள்ள கடினம் வேறு. பின்னக் கூட்டலில் சிந்தனை வருந்துவது கற்றலின் ஒரு பகுதி. பின்னக் கோட்டைத் திரையில் இடத் தெரியாமல் வருந்துவது கற்றல் அன்று. முன்னதில் மாணாக்கனுக்குத் துணை நிற்கவேண்டும். பின்னதை முற்றும் நீக்கவேண்டும். இவ்வேறுபாட்டைப் பிரித்தறிவதே அபிப்பிராயம் கேட்பதன் முதற்பயன்.

மதிப்பெண் பற்றியும் ஒரு சோதனை நினைவுகொள்ளத்தக்கது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பார் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணாக்கரின் ஒரு பிரிவுக்கு அவர்தம் செயலைப் பற்றிய குறிப்புரை மட்டும் தரப்பட்டது. மற்றொன்றுக்கு மதிப்பெண் மட்டும். மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்துத் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் திறமும் வளர்ந்தன. மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தனர். எண்ணைக் கண்டவுடன் கண் எழுத்தை விட்டு அகன்றுவிடுகிறது. பயிற்சிக்காக நடத்தும் இணையவழித் தேர்வில் மொத்த மதிப்பெண்ணையும் தரவரிசையையும் மறைத்து வைத்தல் நலம் என்பதற்கு இது தக்க காரணமாகும்.

வினா அமைக்கும் முறை

நல்ல குறிப்புரை தருவதற்குத் தவறின் காரணத்தை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும்படி கூறினால் சில குழந்தைகள் 35 என்பர். சரியான விடை 25. இத்தவறு கவனக்குறைவு அன்று. ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது எனக் கண்டு, குழந்தை 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என இடுகிறது. பத்தின் இடத்தில் 5-இலிருந்து 2 போக 3 என இடுகிறது. சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்கவேண்டும் என்னும் ஒரு தவறான விதியை அது பிழையின்றிப் பின்பற்றுகிறது. பிரவுன், பர்ட்டன் என்னும் இருவர் 1978-இல் இத்தகைய கழித்தல் விதிப்பிழைகளைக் கணிப்பொறியைக் கொண்டு ஆராய்ந்து பட்டியலிட்டனர்.

ஆகவே தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறான விடைகளை மனம்போனவாறு இடலாகாது. 1/2-உடன் 1/3-ஐக் கூட்டுக என்னும் வினாவுக்கு 5/6 சரியான விடை. மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டியவன் 2/5 என்பான். பொதுக் கீழெண் 6 எனக் கண்டும் மேலெண்களை மாற்ற மறந்தவன் 2/6 என்பான். கூட்டுவதற்குப் பதில் பெருக்கியவன் 1/6 என்பான். இந்நான்கையும் விடைகளாக வைத்தால், மாணாக்கன் எதனைத் தெரிந்தெடுக்கிறான் என்பதே அவன் நினைத்த வழியை உரைத்துவிடும். 2/5-ஐத் தெரிந்தவனுக்குத் திரையில் ‘தவறு’ என்று மட்டும் காட்டாமல், ‘அரை ரொட்டியோடு மேலும் சிறிது சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? 2/5 என்பது அரையைவிடப் பெரிதா, சிறிதா?’ என்று கேட்கலாம். பெரும்பாலும் அவன் தானே தவறைக் கண்டு மீள்வான். தானே கண்டு மீண்டவனுக்கு ஊக்கம் குறைவதில்லை.

தேர்ந்தெடுக்கும் வினாக்களின் மதிப்பெண்ணை நம்புவதற்கும் எல்லை உண்டு. நான்கு விடைகள் கொண்ட 10 வினாக்களுக்கு ஒன்றும் அறியாமல் குறியிடுபவன் சராசரியாக 2 முதல் 3 வரை சரியாகப் பெறுவான். 5 அல்லது அதற்கு மேல் பெறும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 8. 40 பேர் கொண்ட வகுப்பு முழுதும் இவ்வாறு குறியிட்டாலும் மூவர் பாதி மதிப்பெண்ணை எட்டக்கூடும். எனவே நான்கைந்து வினாக்களில் ஒன்றையேனும் விடையைத் தாமே எழுதும் வினாவாக அமைத்து, அதன் படிகளைக் காகிதத்தில் செய்து ஆசிரியரிடம் காட்டச் செய்வது நன்று. வழிமுறைக்கு மதிப்பில்லை என்னும் குறையும் இதனால் நீங்கும்.

பார்த்தெழுதுவதைத் தடுக்கக் காவலைவிட எளிய வழி ஒன்று உண்டு. செவ்வகத்தின் நீள அகலங்களை மாணாக்கனுக்கு மாணாக்கன் மாற்றித் தரும்படி பொறியை அமைக்கலாம். ஒருவனுக்கு 12, 7, மற்றவனுக்கு 15, 8 என வரும்போது, விடையைக் கேட்பது பயன்படாது, வழியைத்தான் கேட்கவேண்டும். வழியைக் கேட்பது களவு அன்று, கற்றல்.

அபிப்பிராயம் கேட்கும் முறை

1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த ஐந்துபடி முறை ஆசிரியர்களுக்கு எளிதானது. ஒரு வாக்கியத்தைக் கூறி, அதனை முற்றும் ஏற்பதற்கு 5, முற்றும் மறுப்பதற்கு 1 என இடையிலுள்ள படிகளோடு குறிக்கச் செய்தல் வேண்டும். ஆறு வாக்கியங்கள் போதும்.

1. விடை தவறியபோது எந்த இடத்தில் தவறினேன் என்பது எனக்குத் தெரிந்தது.
2. மீண்டும் முயலலாம் என்பதால் கணக்கை விடாமல் செய்தேன்.
3. நேரத்தைப் பார்த்ததும் என் மனம் கணக்கில் செல்லவில்லை.
4. விடை தெரிந்திருந்தும் அதனைத் திரையில் இட இயலவில்லை.
5. தேர்வு முடிந்தபின் மேலும் ஒரு கணக்குச் செய்ய விரும்பினேன்.
6. முயன்றால் எனக்குக் கணிதம் வரும் என்று எண்ணுகிறேன்.

மூன்றாவதும் நான்காவதும் குறையைக் கூறும் வாக்கியங்கள். மொத்தம் காணும்போது அவற்றின் எண்ணைத் தலைகீழாக்கிக்கொள்ளவேண்டும். 5 என்பதை 1 எனவும், 4 என்பதை 2 எனவும் கொள்க. தாளில் பெயர் எழுதச் சொல்லலாகாது. பெயர் எழுதப்பட்ட தாளில் மாணாக்கன் ஆசிரியருக்குப் பிடித்ததையே எழுதுவான். முதன்முறை தேர்வு நடத்தியபின் ஒருமுறையும், ஆறு வாரம் சென்றபின் ஒருமுறையும் கேட்பது நன்று. புதுமையின் கவர்ச்சி முதல் வாரத்தில் மிகுதியாக இருக்கும். ஆறு வாரம் சென்றும் நிற்பதே உண்மை விருப்பம்.

சராசரியை மட்டும் கண்டு முடிவு செய்தல் தவறு. 40 பேரும் 3 எனக் குறித்தாலும் சராசரி 3. 20 பேர் 5 எனவும் 20 பேர் 1 எனவும் குறித்தாலும் சராசரி 3. முதல் வகுப்பில் யாருக்கும் பெருந்துன்பம் இல்லை. இரண்டாம் வகுப்பிலோ பாதிப் பிள்ளைகள் கைவிடப்பட்டுள்ளனர். எனவே ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் என்பதைத் தனித்தனியே எண்ணி எழுதவேண்டும்.

சொல்லைச் செயலோடு ஒப்பிடவும் வேண்டும். டெசியின் சோதனை இதற்கு வழிகாட்டுகிறது. தேர்வின் முடிவில் மதிப்பெண் இல்லாத இரண்டு கணக்குகளைச் சேர்த்து, விரும்பினோர் செய்யலாம் என்று அறிவிக்கவேண்டும். எத்தனை பேர் அவற்றைத் தொட்டனர் என்பதை வாரந்தோறும் குறித்துவரவேண்டும். ஐந்தாம் வாக்கியத்துக்கு யாவரும் 5 எனக் குறித்திருக்க, இக்கணக்குகளை மூவரே தொட்டனராயின், அவ்வகுப்பில் ஊக்கம் இன்னும் சொல்லளவிலேயே நிற்கிறது என்பது பொருள்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

பள்ளிகளைப் பார்வையிடுவோர் முதலில் அறியவேண்டுவது, திரையே இல்லாத பிள்ளைகள் யாவர் என்பது. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு 4.4 குடும்பங்களிலேயே கணிப்பொறி இருந்தது. இணைய வசதி பெற்றவை 14.9. நகரங்களில் இவை முறையே 23.4, 42. அதன்பின் கைத்தொலைபேசி வெகுவாகப் பரவியுள்ளது உண்மையே. ஆயினும் வீட்டில் ஒரு தொலைபேசி உண்டு என்பதும், அது மாலை ஏழு மணிக்கு எட்டாம் வகுப்புப் பெண்ணின் கையில் உண்டு என்பதும் ஒன்றல்ல. தந்தை பணியிலிருந்து திரும்பும் நேரம், தம்பிக்கும் அதே தொலைபேசி தேவைப்படும் நேரம் ஆகியவற்றைக் கேட்டறிந்தே தேர்வின் காலத்தை வகுக்கவேண்டும். இயலுமிடத்துப் பள்ளியின் கணிப்பொறி அறையிலேயே, பள்ளி நேரத்திலேயே நடத்துவது மேல். தொடர்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வழி இருத்தல் வேண்டும்.

அடுத்தது மொழி. எர்ணாகுளம் மாவட்டத்தில் பிற மாநிலத் தொழிலாளரின் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கின்றனர். கொச்சியின் வாத்துருத்தி முதலிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. இத்தகைய பிள்ளைகளின் பொருட்டு மாவட்ட நிர்வாகம் 2017-இல் ரோஷ்னி என்னும் திட்டத்தைத் தொடங்கி, அவர்தம் தாய்மொழி அறிந்த தொண்டர்களைப் பள்ளிகளில் அமர்த்திற்று. கணக்கு அறிந்தும் வினாவின் மொழி அறியாத பிள்ளை திரையில் பெறும் சூனியம், கணிதத்தில் பெற்ற சூனியம் அன்று. ஆசிரியர் அருகிலிருந்தால் வினாவை வேறு சொற்களில் கூறுவார், பொறி கூறாது. ஆதலால் வினாவின் வாக்கியங்கள் சிறியனவாகவும், படத்தோடும் அமைதல் வேண்டும். அபிப்பிராயம் கேட்கும் ஆறு வாக்கியங்களையும் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் வாயால் சொல்லிக் குறிக்கச் செய்யவேண்டும்.

மூன்றாவது, அறிக்கையைப் பற்றியது. எத்தனை தேர்வுகள் நடத்தப்பட்டன, எத்தனை பேர் எழுதினர் என்னும் கணக்கு மட்டும் மேலிடத்துக்குச் செல்லுமாயின், ஆசிரியரும் அக்கணக்கை நிரப்புவதிலேயே முனைவர். எந்தத் தவறு அதிகமாகக் காணப்பட்டது, அதனை ஒட்டி மறுநாள் வகுப்பில் என்ன செய்யப்பட்டது என்னும் இரண்டு வரிகளையும் பார்வையாளர் கேட்டுப் பெறுவாராயின், தேர்வு தன் நோக்கத்தை அடையும்.

முடிவுரை

இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் 1990-இல் அறிவிக்கப்பட்டது. முதியோரும் தொழிலாளரும் அன்று எழுத்தோடு எண்ணையும் கற்றனர். கற்கும் பருவம் கடந்துவிட்டது என்று தம்மைப் பற்றித் தாமே எண்ணியிருந்தவர் அவருள் பலர். அவ்வெண்ணத்தை மாற்றியது அருகில் அமர்ந்து, தவறியபோது பொறுமையுடன் மறுமுறை எழுதச் செய்த மனிதர்களே. இன்றைய திரைவழித் தேர்வுக்கும் அளவுகோல் அதுவே. மறுமுறை முயல இடம் தருவதும், தவறிய இடத்தைக் காட்டுவதும், மறுநாள் ஆசிரியரின் பேச்சில் தொடர்வதுமான தேர்வு ஊக்கத்தை வளர்க்கும். எண்ணிட்டு வரிசைப்படுத்தி விட்டுவிடும் தேர்வு, முன்னரே அஞ்சியிருந்த பிள்ளையின் அச்சத்துக்குச் சான்றிதழ் வழங்குவதோடு முடியும். எதனை நடத்துகிறோம் என்பதைப் பொறி சொல்லாது. கேட்டால் பிள்ளைகள் சொல்வர்.

பயிற்சி வினாக்கள்

1. 43-இலிருந்து 18-ஐக் கழிக்குமாறு கூறியபோது ஒரு மாணாக்கன் 35 என விடை தந்தான். அவன் பின்பற்றிய விதி யாது? அவனுக்குத் திரையில் எத்தகைய குறிப்புத் தருவீர்?
2. மாணாக்கர் கூறும் குறைகளுள் கணக்கைச் சார்ந்தவற்றையும் கணக்குக்கு வெளியே உள்ளவற்றையும் இரு பட்டியல்களாகப் பிரித்து எழுதுக.
3. உம் வகுப்பில் ஐந்தாம் வாக்கியத்துக்கு வந்த விடைகளையும், விருப்பக் கணக்குகளைச் செய்தோரின் எண்ணிக்கையையும் ஆறு வாரம் குறித்து வைத்து ஒப்பிடுக.